கோழியின் பகலும் இரவும்

சென்ற பருவத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தோம். வைகறையில் கோழி கூவுவதைக் கேட்டுப் பிரிவை எண்ணித் தலைவி அஞ்சும் அள்ளூர் நன்முல்லையாரின் பாட்டு அன்றைய பாடம். கடிகாரம் இல்லாத காலத்தில் ஊருக்கே பொழுதை அறிவித்த பறவை கோழி என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர். "ஐயா, எங்க பண்ணையில இருபதாயிரம் கோழி இருக்குதுங்க. ஒண்ணுகூடக் கூவாதுங்க. சேவலே கிடையாது. விடியறதுக்கு முன்னாடி நாங்கதான் லைட்டப் போட்டு அதுகள எழுப்பி விடுவோம்" என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தச் சொற்கள் அடங்கவில்லை. கோழி மனிதனை எழுப்பியது சங்க காலம். மனிதன் கோழியை எழுப்புவது நம் காலம். இந்த மாற்றம் எப்போது நிகழ்ந்தது, யார் நிகழ்த்தினார்கள், அதற்காகக் கோழி கொடுத்த விலை என்ன என்னும் கேள்விகளோடு நூலகத்தில் சில மாதங்கள் கழித்தோம். அறிவியல் நமது துறையன்று. ஆயினும் ஒரு பறவையின் பகலும் இரவும் மனிதன் கைக்கு மாறிய வரலாறு, அறிவியலார்க்கு மட்டுமே உரியதுமன்று.

காட்டு விளிம்பின் வெளிச்சம்

இன்று உலகெங்கும் பண்ணைகளில் வளரும் கோழிகளின் மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் இந்தியாவின் வடக்கு, கிழக்குக் காடுகளிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. அது திறந்த வெளிப் பறவையுமன்று, அடர்காட்டின் இருளில் வாழ்வதுமன்று. மூங்கில் புதரும் மரநிழலும் வெயில் துண்டுகளும் கலந்த காட்டு விளிம்பே அதன் வீடு. காலையிலும் மாலையிலும் தரையைக் கிளறி மேய்கிறது. நண்பகலில் நிழலில் ஒதுங்குகிறது. இருட்டியதும் மரக்கிளையில் ஏறி அடைகிறது. ஒரே நாளில் மிகுந்த ஒளி, மங்கிய ஒளி, முழு இருள் ஆகிய மூன்றையும் தேடிச் செல்லும் பறவை அது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். பின்வரும் வரலாறு முழுவதும் இந்த மூன்றில் ஒவ்வொன்றாகப் பறிபோன கதைதான்.

கோழியின் கண்ணும் நம் கண் போன்றதன்று. நிறம் காண நமக்கு மூவகைக் கூம்பணுக்கள். கோழிக்கோ நான்கு வகை. நாம் காணாத புற ஊதா ஒளியின் ஒரு பகுதியையும் அது காணும். சூரிய ஒளியில் அது உண்டு. சாதாரண மின்விளக்கில் அநேகமாக இல்லை. எனவே நாம் 'வெளிச்சமாக இருக்கிறது' என்று சொல்லும் கொட்டகை, கோழிக்கு ஒரு நிறம் குறைந்த உலகமாக இருக்கக்கூடும். விளக்கு மினுமினுப்பதை உணர்வதிலும் கோழி நம்மை மிஞ்சியது. நமக்குச் சீராக எரிவதாகத் தோன்றும் சில விளக்குகளின் துடிப்பு அதற்குத் தெரியலாம்.

'சேவல் கூவித்தானா பொழுது விடிகிறது?' என்று கேலியாகக் கேட்பது நம் வழக்கம். இதற்கு ஜப்பானியர் ஒரு விடை கண்டார்கள். நகோயா பல்கலைக்கழகத்தின் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பகல் இரவு வேறுபாடே இல்லாத மங்கிய ஒளியில் சேவல்களை வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை ஏறத்தாழ அதே நேரத்தில் கூவின. சேவல் விடியலைப் பார்த்துக் கூவுவதில்லை. விடியல் வரப்போவதை அதன் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் முன்னரே அறிந்திருக்கிறது. அந்தக் கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது மட்டுமே சூரியனின் வேலை.

பனிக்காலத்து லாந்தர்

வெப்ப மண்டலப் பறவையான கோழி, மனிதரோடு வடக்கே பயணம் செய்து ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் அடைந்தபோது அதற்கு அறிமுகமில்லாத ஒன்றைச் சந்தித்தது: சுருங்கும் பகல். நியூயார்க் மாநிலத்தில் டிசம்பர் மாதப் பகல் ஒன்பது மணி நேரம்தான். பகல் சுருங்கச் சுருங்க முட்டை குறையும். பறவை இறகு உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். பனி முழுவதும் ஓய்ந்திருந்து, வசந்தத்தில் பகல் நீளும்போது மீண்டும் முட்டையிடத் தொடங்கும். அந்த நாட்டு உழவர் பெண்கள் இதை நன்கறிவார்கள். பனிக்கால முட்டைக்கு விலை அதிகம் என்பதையும் அறிவார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவில் சிலர் கோழிக் கொட்டகைகளில் விளக்கேற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் லாந்தர், எரிவாயு விளக்கு, பிறகு மின்விளக்கு. 20ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோழி வளர்ப்புத் துறையை உருவாக்கிய ஜேம்ஸ் ரைஸ் போன்றோர் இதை முறையான ஆய்வாக்கினர். விளக்கிட்ட கொட்டகையின் கோழிகள் பனிக்காலத்திலும் முட்டையிட்டன. காரணம் என்ன? வெளிச்சம் இருந்தால் கோழி அதிக நேரம் தின்னும், அதிகம் தின்றால் அதிகம் இடும் என்பதே அன்று பலர் சொன்ன விளக்கம். எளிமையான விளக்கம், பிழையான விளக்கம்.

ஆனால் விளக்கு பரவ மின்சாரம் வேண்டுமே. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின் இணைப்பு இருந்தது. 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்க நிர்வாகத்தை ஏற்படுத்தினார். சமையலறைக்கு வந்த அதே கம்பி கோழிக் கொட்டகைக்கும் சென்றது. உழவர் பெண்ணின் கைவேலையைக் குறைத்த அந்த மின்சாரத்தைப் பழிக்க நம்மால் இயலாது. அதுவே கோழியின் பனிக்கால ஓய்வை முடித்து வைத்தது என்பதையும் மறைக்க இயலாது.

மண்டை ஓட்டின் வழியே ஒரு சாளரம்

உண்மையான காரணத்தை நோக்கிய பயணம் கோழியிலிருந்து தொடங்கவில்லை. கனடாவில் எட்மண்டன் நகரில், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆசிரியராக இருந்த வில்லியம் ரோவன், பறவைகள் வலசை போவதற்கு எது தூண்டுதல் என்று கேட்டார். 1920களின் நடுவில், கடும் பனியில், ஜங்கோ என்னும் சிறு பறவைகளைத் திறந்தவெளிக் கூண்டில் வைத்து, மாலைதோறும் சில நிமிடங்களாக மின்விளக்கை நீட்டித்துக்கொண்டே போனார். உறைநிலைக்கு வெகு கீழே இருந்த அந்தக் குளிரின் நடுவில் ஆண் பறவைகளின் விரைகள் வசந்த காலத்தைப் போல் பெருத்தன. குளிரும் உணவும் அல்ல, பகலின் நீளமே பறவைக்குக் காலத்தைச் சொல்கிறது என்பது புலப்பட்டது. 1925இல் இதை வெளியிட்டார். செடிகள் பகல் நீளத்தைக் கணக்கிட்டுப் பூக்கின்றன என்று கார்னரும் அல்லார்டும் 1920இல் அறிவித்திருந்ததையும் இங்கே இணைத்துப் பார்க்கலாம். ஆனால் ரோவனும் ஓரிடத்தில் சறுக்கினார். வெளிச்சத்தால் பறவை அதிக நேரம் விழித்து இயங்குவதே காரணம் என்று கருதினார்.

பிரான்சில் ஜாக் பெனுவா 1930களில் வாத்துகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. கண்கள் இல்லாத வாத்துகளும் ஒளிக்கு விடையிறுத்தன. ஒளியை நேராக மூளையின் அடிப்பகுதிக்குச் செலுத்தியபோதும் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் மைக்கேல் மெனாக்கர், பார்வையற்ற சிட்டுக்குருவிகளின் தலைத்தோலுக்கு அடியில் கறுப்பு மை செலுத்தி ஒளியை மறைத்தார். அவற்றின் விடையிறுப்பு நின்றது. பறவைக்கு வெளிச்சம் கண் வழியே மட்டும் புகுவதில்லை. மெல்லிய மண்டை ஓட்டின் வழியே மூளைக்குள் நேராகப் புகுகிறது. மூளையின் ஆழத்தில் இருக்கும் உணர்விகள் அதை அளந்து, நாள் நீண்டுவிட்டது என்று சினைப்பைக்குச் செய்தி அனுப்புகின்றன.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டாலும் கோழியால் விளக்கிலிருந்து தப்ப முடியாது. கொட்டகையில் எரியும் விளக்கு, அதன் உடலுக்குள் ஓயாமல் வசந்தத்தை அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

சூரியன் புட்டிக்குள் வந்த கதை

கோழியை முழுவதுமாக வீட்டுக்குள் அடைக்க விளக்கு மட்டும் போதவில்லை. 1920கள் வரை ஒரு தடை இருந்தது. பனிக்காலத்தில் உள்ளேயே வைத்து வளர்த்த குஞ்சுகளின் கால்கள் வலுவிழந்து வளைந்தன. கண்ணாடிச் சாளரத்தின் வழியே வெயில் விழுந்தும் பயனில்லை. வெளியே விட்ட குஞ்சுகளுக்கு இந்நோய் வரவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக்கும் அவரைச் சார்ந்தவர்களும் இதற்கு விடை கண்டவர்களில் முன்னோடிகள். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி, தோலில் புற ஊதா ஒளி படும்போது உருவாகிறது. சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியைத் தடுத்துவிடுகிறது. புற ஊதா ஒளியில் காட்டிய உணவுக்கே அந்த ஆற்றல் வந்துவிடும் என்பதை ஸ்டீன்பாக் 1924இல் வெளியிட்டார். மீன் எண்ணெயிலும் அது இருந்தது. தீவனத்தில் சிறிதளவு மீன் எண்ணெய் கலந்தால் போதும், கோழிக்குச் சூரியனே தேவையில்லை என்றாயிற்று.

குழந்தைகளின் கணைநோயை ஒழித்த பெருமைக்குரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அதே கண்டுபிடிப்பு கோழிக்கும் சூரியனுக்கும் இருந்த கடைசி உறவையும் அறுத்தது. அதுவரை உழவனுக்கு வெயில் ஒரு செலவில்லாத மருந்து; கோழியை வெளியே விடுவது அவனுக்கும் ஆதாயம். இனி வெயில் தீவனப் பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்கியது.

ஏறத்தாழ அதே ஆண்டில், 1923இல், டெலாவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்னும் ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்பாமல் கொட்டகை போட்டு வளர்த்துக் கறிக்காக விற்றார். நல்ல ஆதாயம் கிடைத்தது. கறிக்கோழித் தொழிலின் தொடக்கமாக இந்நிகழ்ச்சியையே அமெரிக்கர் குறிப்பிடுவர். முட்டைக்கோழி, கறிக்கோழி என்று ஒரே பறவை இரண்டு தொழில்களாகப் பிரிந்தது. இரண்டுக்கும் இரண்டு விதமான வெளிச்சம் வகுக்கப்பட்டது.

முடியாத பகல், விடியாத பகல்

முட்டைக்கோழிக்கு வகுக்கப்பட்டது நீண்ட பகல். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் டி. ஆர். மாரிஸ் முதலானோர் 1950களின் இறுதியிலிருந்து நடத்திய ஆய்வுகள் இக்கலையை நுட்பமாக்கின. விடைக்கோழியாக வளரும் பருவத்தில் பகலைச் சுருக்கமாக வைத்திருப்பது. முட்டையிடும் வயது வந்ததும் வாரந்தோறும் சிறிது சிறிதாக நீட்டி, பதினாறு மணி நேரத்தில் நிறுத்துவது. பிறகு ஒருபோதும் குறைக்காமல் இருப்பது. ஆண்டு முழுவதும் கோழியின் உடலுக்கு அது கோடைக்காலம். இதனினும் விந்தையான ஒன்றையும் 1970களில் செய்து பார்த்தார்கள். விளக்கை ஏற்றி அணைக்கும் கால அளவை மாற்றி, 24 மணி நேர நாளையே 28 மணி நேர நாளாக நீட்டினார்கள். முட்டை பெரிதாயிற்று, ஓடு கெட்டியாயிற்று. வாரத்துக்கு ஆறே நாள்கள் கொண்ட ஓர் உலகத்தில் அந்தக் கோழிகள் வாழ்ந்தன. பூமியின் சுழற்சியிலிருந்தே ஓர் உயிரைக் கழற்றி எடுக்க முடியும் என்று காட்டிய செயல் அது.

கறிக்கோழிக்கு வகுக்கப்பட்டதோ நீண்ட அரையிருள். வெளிச்சம் இருந்தால்தான் குஞ்சு தின்னும். எனவே நாளில் 23 மணி நேரம் விளக்கு. வெளிச்சம் மிகுந்தால் ஓடியாடித் தின்றதைச் செலவழிக்கும், ஒன்றையொன்று கொத்தும். எனவே விளக்கு மிகவும் மங்கலாக இருக்கவேண்டும். ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவில் தரும் ஒளி ஏறத்தாழ ஒரு லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை செல்லும். சாளரமில்லாத கறிக்கோழிக் கொட்டகைகள் பலவற்றில் இருந்தது ஐந்து லக்ஸ் அல்லது அதற்கும் குறைவு. எஞ்சிய ஒரு மணி நேர இருளும் உறங்குவதற்காகக் கொடுக்கப்பட்டதன்று. என்றாவது மின்சாரம் தடைப்பட்டால், இருளையே அறியாத குஞ்சுகள் மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று குவிந்து மூச்சடைத்துச் சாகும். அந்த இழப்பைத் தவிர்க்கவே இருளைப் பழக்கிவிடும் ஒரு மணி நேரம்.

நாம் இங்கே ஒரு சொல்லை நினைவுகூர்கிறோம். அரைகுறை உறக்கத்தைக் 'கோழித்தூக்கம்' என்கிறோம். கோழி ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து உறங்கவல்லது; அப்போது மூளையின் ஒரு பாதி மட்டுமே ஆழ்ந்து ஓய்கிறது. அஞ்சி வாழும் பறவையின் காவல் உறக்கம் அது. ஆனால் காவலற்ற முழு உறக்கமும் அதற்கு உண்டு. அதனால்தான் நம் பாட்டிமார் பொழுது சாயும்போது கோழிகளைப் பஞ்சாரத்தால் மூடினார்கள். பூனைக்கும் கீரிக்கும் பயந்து மூடினார்கள் என்றாலும், மூடியதோடு இருளும் வந்தது. மின்விளக்கின் கீழே வளர்ந்த கறிக்கோழிக்கு வாய்த்ததோ நாள் முழுவதும் கோழித்தூக்கம்தான். ஒன்று கண்ணயரும்போது மற்றொன்று மிதித்துக்கொண்டு தீவனத்துக்குப் போகும்.

உடல் எழுதிய கணக்கு

விலையை முதலில் சொன்னது உடலே. தொடர்ந்த வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சுகளின் கண் கோளம் இயல்புக்கு மீறி வளர்ந்து, பார்வை கெடுவதை 1950களிலேயே ஆய்வாளர் கண்டனர். மிகவும் மங்கிய ஒளியும் கண்ணைப் பெரிதாக்கும். ஓயாமல் தின்று விரைவாகப் பருத்த உடலைக் கால்கள் தாங்கவில்லை. திடீரென மல்லாந்து இறக்கும் கோழிகள் பெருகின. முட்டைக்கோழியின் துன்பம் வேறு வகை. காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஈடுகளில் பத்துப் பதினைந்து முட்டைகள் இடும். இன்றைய பண்ணைக் கோழி 300ஐத் தாண்டுகிறது. இதில் இனத்தெரிவுக்கும் தீவனத்துக்கும் பெரும் பங்குண்டு, விளக்குக்கும் பங்குண்டு. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு தன் எலும்பிலிருந்தே போவதால், மார்பெலும்பும் கால் எலும்பும் நொறுங்கும் நிலைக்கு அது வந்து சேர்கிறது.

இக்கணக்கைப் பொதுமக்கள் முன் வைத்தவர் ரூத் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. 1964இல் வெளிவந்த அவருடைய 'விலங்கு எந்திரங்கள்' நூலுக்கு, 'மௌன வசந்தம்' எழுதிய ரேச்சல் கார்சன் முன்னுரை வழங்கினார். கொட்டகைகளின் அரையிருளைப் படித்த ஆங்கில வாசகர்கள் அதிர்ந்தார்கள். அரசு, பிராம்பெல் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1965இல் வந்த அக்குழுவின் அறிக்கை, ஒரு விலங்குக்குத் திரும்பவும், தன்னைக் கோதிக்கொள்ளவும், எழவும், படுக்கவும், உறுப்புகளை நீட்டவும் இடம் வேண்டும் என்றது. விலங்கு நலச் சிந்தனையில் அது ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஐந்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை. இடத்தை அளந்தவர்கள் காலத்தை அளக்க மறந்தார்கள் எனலாம்.

காலம் சட்டத்துக்குள் வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் பண்ணை விலங்குகளை நிரந்தர இருளிலோ ஓய்வற்ற செயற்கை ஒளியிலோ வைக்கக் கூடாது என்றது. 1999இல் முட்டைக்கோழிக்கு நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடையறாத இருள் வேண்டும் என்றதோடு, விளக்கைச் சட்டென்று அணைக்காமல் ஓர் அந்திப்பொழுதும் வேண்டும் என்றது. அந்தியைச் சட்டமாக எழுதிய அந்த வரியைப் படித்தபோது நாம் சற்றுத் திகைத்தோம். மாலைப் பொழுதைப் பாடிய மரபில் வந்தவர்களாகிய நமக்கு, அதை ஓர் உயிரின் உரிமையாக எழுதவேண்டிய காலம் வரும் என்று தோன்றியதில்லை. விளக்கு திடீரென அணைந்தால் கோழி நின்ற இடத்திலேயே திகைத்து நிற்கும்; அடையும் கிளையை, கம்பைத் தேடிச் செல்ல அதற்கு அந்தி வேண்டும். 2007இல் கறிக்கோழிக்கும் விதி வந்தது: குறைந்தது 20 லக்ஸ் ஒளி, நாளில் மொத்தம் ஆறு மணி நேர இருள், அதில் நான்கு மணி நேரமாவது தொடர்ச்சியாக. சுவிட்சர்லாந்து இதற்கும் அப்பால் சென்று, விலங்குகள் வாழும் கொட்டகைக்குள் இயற்கையான பகல் ஒளியே வரவேண்டும் என்று வைத்திருக்கிறது.

இயற்கை வெளிச்சம் என்னும் மயக்கம்

அப்படியானால் சாளரம் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வு, சாளரமுள்ள கொட்டகையில் கறிக்கோழிகள் மிகுதியாக இயங்கின, கால்களும் மேம்பட்டிருந்தன என்று காட்டியது. ஆனால் 1999இல் இங்கிலாந்தில் டேவிஸ் முதலானோர் கோழிகளிடமே கேட்டுப் பார்த்தார்கள். வெவ்வேறு ஒளியளவுள்ள அறைகளைக் கொடுத்து, விரும்பிய இடத்துக்குச் செல்ல விட்டார்கள். இரண்டு வார வயதில் பெரும்பாலும் மிகுந்த ஒளியுள்ள 200 லக்ஸ் அறையை நாடிய குஞ்சுகள், ஆறு வார வயதில் ஓய்வெடுக்க மங்கலான ஆறு லக்ஸ் அறைக்குச் சென்றன. வெளிச்சம் நல்லது, மங்கல் தீயது என்று நாம் எழுதிய சூத்திரத்தைக் கோழி ஏற்கவில்லை. காட்டு விளிம்பில் வெயிலையும் நிழலையும் மாறி மாறித் தேடிய அதன் மூதாதையின் நினைவு இன்னும் அதன் உடலில் இருக்கிறது. பறிபோனது சூரியன் மட்டுமன்று, தெரிந்தெடுக்கும் உரிமை.

கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழக ஆய்வு இன்னொரு மயக்கத்தையும் உடைத்தது. ஷ்வீன் லார்ட்னர், கிளாசன் ஆகியோர் 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் 14, 17, 20, 23 மணி நேரப் பகல்களை ஒப்பிட்டனர். 23 மணி நேரம் விழித்திருந்த கோழிகள் 20 மணி நேரம் விழித்திருந்தவற்றைவிட எடை குறைந்திருந்தன. இருள் கூடக்கூடச் சாவு குறைந்தது. அரை நூற்றாண்டுக் காலம் ஆதாயத்தின் பெயரால் பறிக்கப்பட்ட உறக்கம், ஆதாயத்துக்குமே எதிராக இருந்திருக்கிறது. எந்தக் கணக்கின் பெயரால் கொடுமை நியாயமாக்கப்பட்டதோ, அந்தக் கணக்கே தவறு.

நம் ஊர் விளக்கு

நாமக்கல்லின் நிலை ஐரோப்பாவினது போன்றதன்று. பன்னெடுங்காலமாக இங்கே கொட்டகைகள் பெரும்பாலும் பக்கங்கள் திறந்தவை. கூரைக்குக் கீழே கம்பி வலை. பகல் முழுவதும் காற்றும் வெளிச்சமும் உண்டு. அடைபட்ட, குளிரூட்டிய கொட்டகைகள் அண்மைக் காலத்தில்தான் வரத் தொடங்கியுள்ளன. நம் நிலநடுக்கோட்டு அண்மையால் இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேர வேறுபாடே உண்டு. பனிக்கால ஓய்வு என்பதே இங்கில்லை. ஆயினும் பதினாறு மணி நேரம் என்னும் வடநாட்டுக் கணக்கு இங்கும் வந்து சேர்ந்தது. மூன்று நான்கு மணி நேரத்தை விளக்கு இட்டு நிரப்புகிறது. இங்கே கோழிக்கு இல்லாதது பகலன்று. கூண்டில் நிற்பதால் கிளறவும் அடையவும் இடமில்லை. விளக்கால் இரவும் சுருங்குகிறது. முட்டைக்கோழிகளைக் கூண்டில் அடைப்பது பற்றி இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தனி அறிக்கையே அளித்தது.

அந்த மாணவரின் அழைப்பின் பேரில் ஒரு நாள் அவர்கள் ஊருக்குச் சென்றோம். விடிவதற்கு வெகு முன்னரே அவருடைய தந்தையார் எழுந்து விளக்குகளைப் போட்டார். வரிசையாக டியூப் லைட்டுகள் துடித்து எரிந்தன. ஒரு நொடி அமைதி. பிறகு இருபதாயிரம் தொண்டைகளிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்து கொட்டகையை நிறைத்தது. "பாவமாத்தான் இருக்குதுங்க ஐயா. லைட்டக் குறைச்சா முட்டை குறையுது, முட்டை குறைஞ்சா பேங்க்காரனுக்கு என்ன பதில் சொல்றதுங்க?" என்றார் அவர். கொடியவராகப் பேசவில்லை. அவருடைய இரவும் அந்த விளக்கோடுதான் முடிகிறது.

நமக்கும் விடை தெரியவில்லை. சத்துணவுத் தட்டில் ஓர் ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கும் முட்டை இத்தகைய கொட்டகைகளிலிருந்துதான் வருகிறது. அந்த முட்டை வேண்டாம் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் எட்டு மணி நேர முழு இருளும் அதற்கு முன் ஓர் அந்தியும் கொடுத்தால் அந்த முட்டை இல்லாமற் போய்விடாது என்பதை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. விளக்கை மெல்ல மங்கச் செய்யும் கருவிக்கு ஆகும் செலவு பெரிதன்று. அடையக் கம்பும் கிளற மண்ணும் பெரிய கேள்விகள். அவற்றைப் பிறகு பேசலாம் என்று ஒதுக்கவும் நாம் விரும்பவில்லை. தொடங்குவதற்கு இரவு எளிது என்று மட்டுமே சொல்கிறோம்.

திரும்பும் வழியில் கீழ்வானம் வெளுத்தது. ஊர் எல்லையில் ஒரு வீட்டுக் கூரைமேல் சேவல் ஒன்று கூவியது. மாணவர் சிரித்துக்கொண்டே, "அது பக்கத்து வீட்டு ஆத்தாவோடதுங்க ஐயா. எங்க பண்ணை லைட்டப் பாத்து ஏமாறாது. அது நேரத்துக்குத்தான் கூவும்" என்றார். அடுத்த முறை அந்தக் குறுந்தொகைப் பாட்டை நடத்தும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.